சாயவேரும் சம்பா கோவிலும்

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழில் தடத்தில் தினமும் ஷிப்டுக்குப் போய் வருபவர்களுக்கு இரண்டு பிரெஞ்சுப் பெயர்கள் பழகிப்போனவை. ஒன்று, 2010இல் ஒரகடத்தில் திறக்கப்பட்ட ரெனோ–நிசான் கார்த் தொழிற்சாலை. மற்றொன்று, 2000ஆம் ஆண்டில் ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தியைத் தொடங்கிய செயின்ட் கோபைன் கண்ணாடித் தொழிற்சாலை. இந்த இரண்டாவது பெயரின் வேர் 1665ஆம் ஆண்டுக்குப் போகிறது. கண்ணாடித் தொழிலில் வெனிஸ் நகரத்துக்கு இருந்த ஏகபோகத்தை உடைக்க, பதினான்காம் லூயி மன்னரின் நிதி அமைச்சர் கோல்பேர் ஒரு பட்டறையை ஏற்படுத்தினார். அந்தப் பட்டறையின் வழிவந்ததுதான் இன்று நம் ஊரில் உருகிய கண்ணாடியைத் தகடாக்கிக்கொண்டிருக்கும் நிறுவனம்.

கோல்பேர் அதற்கு முந்தைய ஆண்டு, 1664இல், இன்னொரு நிறுவனத்தையும் தொடங்கியிருந்தார். அது பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி. பத்தே ஆண்டுகளில் அந்தக் கம்பெனியின் ஆட்கள் சோழமண்டலக் கரையில் ஒரு மீனவ, நெசவாளக் குடியிருப்பை ஒட்டி இறங்கினார்கள். அந்த ஊர் புதுச்சேரி. அதே லூயி மன்னரின் பண உதவியோடு 1692இல் அங்கே இயேசு சபைப் பாதிரிமார்கள் ஒரு கோவில் கட்டினார்கள். அது இடிந்தும் எழுந்தும் இன்று மிஷன் வீதியில் நிற்கிறது. ஊர் அதைச் சம்பா கோவில் என்கிறது.

ஒரகடத்தையும் மிஷன் வீதியையும் ஒரே பயணத்தில் பார்க்க வேண்டும் என்று எனக்கு வெகுநாள் ஆசை. தொழிலும் வணிகமும் மதமும் ஓர் ஊரை எப்படி உருவாக்குகின்றன, அந்த ஊரில் யாருடைய சொல் எடுபடுகிறது என்ற கேள்விக்கு, தமிழ் மண்ணில் இவ்வளவு விரிவான பதிவுகளோடு விடை சொல்லும் இடங்கள் அதிகம் இல்லை.

தெற்கே போகும் சாலை

ஒரகடம் கூட்டுச் சாலையிலிருந்து புதுச்சேரி ஏறத்தாழ 130 கிலோமீட்டர். கம்பெனி பஸ்களுக்கும் கண்டெய்னர் லாரிகளுக்கும் புதுக் கார்களை ஏற்றிய நீண்ட டிரெய்லர்களுக்கும் இடையே சிங்கப்பெருமாள் கோவில் வரை வந்தால் ஜி.எஸ்.டி. சாலை. செங்கல்பட்டு, மதுராந்தகம் ஏரிக்கரை, திண்டிவனம். அங்கே இடப்புறம் பிரிந்து, கிளியனூர் தாண்டி, கோரிமேட்டில் புதுச்சேரிக்குள் நுழையலாம்.

இந்தப் பாதை கடக்கும் நிலம் முழுவதும் ஒரு காலத்தில் இயேசு சபையின் கணக்கில் ‘கர்நாடக மிஷன்’ என்ற பெயரில் இருந்தது. தெற்கே பழைய மதுரை மிஷன் போர்த்துக்கீசியரின் ஆதரவில் நடந்துவந்தது. அதற்கு வடக்கே, தொண்டை மண்டலத்திலும் தெலுங்கு நாட்டிலும், பிரெஞ்சுப் பாதிரிமார்கள் 1700 வாக்கில் தங்களுக்கென்று தொடங்கியது இது. அதன் தலைமை இடம் சம்பா கோவில் இருக்கும் புதுச்சேரி வளாகம். அங்கிருந்து உள்நாட்டுக்குப் பாதிரிமார்கள் புறப்பட்டார்கள். உள்நாட்டிலிருந்து சுவடிகளும் கடிதங்களும் நோயாளிப் பாதிரிமார்களும் அங்கே வந்து சேர்ந்தார்கள். கப்பல் வரும்போது கடிதங்கள் பாரீஸுக்குப் போயின. 1702 முதல் 1776 வரை 34 தொகுதிகளாக வெளிவந்த இயேசு சபைக் கடிதத் தொகுப்பில் தமிழகத்துக் கடிதங்களுக்குத் தனி இடம் உண்டு. ஐரோப்பாவின் படித்த வர்க்கம் நம்மைப் பற்றித் தெரிந்துகொண்ட முதல் வழிகளில் அது ஒன்று.

வாய்க்காலுக்கு மேற்கே

புதுச்சேரிக்கு வரும் பெரும்பாலோர் கடற்கரைச் சாலையிலும் மஞ்சள் சுவர் வீதிகளிலும் நின்றுவிடுகிறார்கள். சம்பா கோவிலைப் பார்க்க வாய்க்காலைத் தாண்டி மேற்கே வர வேண்டும். ஆம்பூர் சாலையைக் கடந்தால் மிஷன் வீதி. வாய்க்காலுக்குக் கிழக்கே ஐரோப்பியர், மேற்கே தமிழர் என்று பிரிந்திருந்த ஊரில் இந்த வளாகம் தமிழர் பக்கத்தில், அதன் கிழக்கு விளிம்பில் இருக்கிறது. இந்த இருப்பிடமே அதன் வரலாற்றில் பாதியைச் சொல்லிவிடுகிறது.

பிரெஞ்சுக்காரர்களோடு முதலில் வந்த துறவிகள் கப்புச்சின் சபையினர். கம்பெனி ஊழியர்களுக்கு அவர்களே பாதிரிமார்கள். இயேசு சபையினர் வந்ததற்குக் காரணம் சயாமில் நடந்த புரட்சி. லூயி மன்னர் சயாம் அரசருக்கு அனுப்பிய தூதுக் குழுக்களில் கணிதமும் வானியலும் படித்த இயேசு சபையினர் இருந்தார்கள். 1688இல் அந்த நாட்டில் ஆட்சி கவிழ்ந்து பிரெஞ்சுக்காரர்கள் வெளியேற்றப்பட்டபோது, சிலர் புதுச்சேரிக்கு வந்து ஒதுங்கினார்கள். பாரீஸ் வெளிநாட்டு மறைபரப்புச் சபையினரும் இங்கே ஓர் இல்லம் வைத்திருந்தார்கள். ஆக ஒரு சின்ன ஊரில் மூன்று சபைகள். 1699இல் மயிலாப்பூர் ஆயர் தமிழ்க் கிறித்தவர்களின் பங்கை இயேசு சபையினரிடம் ஒப்படைத்தார். கப்புச்சின்கள் ரோமாபுரி வரை முறையிட்டார்கள். தமிழர்கள் யாருக்கு என்ற இந்தச் சண்டை பல ஆண்டுகள் நீண்டது.

கட்டடத்தின் கதையும் சண்டையின் கதைதான். 1692இல் எழுந்த முதல் கோவில் அடுத்த ஆண்டே டச்சுக்காரர்கள் ஊரைப் பிடித்தபோது அழிந்தது. ஊர் 1699இல் திரும்பக் கிடைத்ததும் அவசரமாகக் கட்டிய இரண்டாவது கோவில் நிலைக்கவில்லை. 1728 முதல் 1736 வரை கட்டிய மூன்றாவது கோவில்தான், அக்காலத்தில் இந்த ஊரில் வாழ்ந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் வரும் பெரிய கோவில். அதை 1761இல் ஆங்கிலேயர் இடித்தார்கள். இன்று நாம் பார்ப்பது நான்காவது.

முன் வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தால் கீழ்த்தட்டில் இரட்டை இரட்டையாக டோரிக் தூண்கள், மேல்தட்டில் அயோனிக் தூண்கள். பாரீஸ் நகரத்துத் தேவாலய முகப்புகளின் சாயல் அது. உள்ளே கால் வைத்ததும் வளைவுக் கூரையின் உயரம் தெரியும். மாலைப் பூசைக்கு வந்த பெண்கள் முழங்காலிட்டுத் தமிழில் செபம் சொல்கிறார்கள். இந்தத் தமிழ்ச் செபம்தான் நான்கு கட்டடங்களிலும் மாறாமல் தொடர்ந்தது. கட்டடம் பிரான்சிலிருந்து வந்த வரைபடமாக இருக்கலாம். அதை நிரப்பியவர்கள் இந்த ஊர்க்காரர்கள்.

நெசவாளர்கள் மூட்டை கட்டியபோது

இயேசு சபைக்குக் கிடைத்த மனைக்குப் பக்கத்திலேயே வேதபுரீசுவரர் கோயில் இருந்தது. ஊருக்கே வேதபுரி என்று பெயர் வழங்கக் காரணமான சிவன் கோயில். ஒரு மதத்தின் பூசை மணி இன்னொன்றின் காதில் விழும் தூரம். பாதிரிமார்கள் அதை அகற்றும்படி ஆளுநரை நெருக்கத் தொடங்கினார்கள். மன்னரின் ஆட்சிக்கு உட்பட்ட ஊரில் மன்னரின் மதம்தான் இருக்க வேண்டும் என்பது அவர்களின் வாதம்.

1701இல் இந்த நெருக்குதல் முற்றியது. அப்போது ஊர்த் தமிழர்கள் கையில் எடுத்த ஆயுதம் ஒன்றே ஒன்று: ஊரைவிட்டுப் போய்விடுவோம் என்றார்கள். நெசவாளர்கள், வணிகர்கள், வண்ணார், தச்சர் எல்லோரும் போய்விட்டால் கம்பெனிக்குக் கப்பலில் ஏற்ற ஒரு முழத் துணி இருக்காது. ஆளுநர் பிரான்சுவா மார்த்தேன் பக்தி மிகுந்த கத்தோலிக்கர்தான். ஆனாலும் பணிந்தார். கோயில் தப்பியது. 1715இலும் விழாக்களுக்குத் தடை வந்தபோது இதே முறை மறுபடி கைகொடுத்தது.

பாதிரிமார்கள் அடுத்துக் குறி வைத்தது கம்பெனியின் தலைமைத் துபாஷ் பதவியை. கொள்முதல், ஆள் சேர்ப்பு, கடன், உள்நாட்டு அரசர்களோடு பேச்சு எல்லாம் துபாஷின் கையில். அந்தப் பதவியில் இருந்தவர் நைனியப்பப் பிள்ளை, இந்து. அங்கே ஒரு கிறித்தவர் உட்கார வேண்டும் என்பது இயேசு சபையின் விருப்பம். ஆளுநர் எபேர் 1716இல் நைனியப்பரைக் கைது செய்தார். கலகத்தைத் தூண்டினார், மக்களை ஒடுக்கினார் என்று குற்றச்சாட்டு. கடைத்தெருவில் 50 கசையடி, சிறை, சொத்துப் பறிமுதல் என்று தண்டனை. 1717இல் அவர் சிறையிலேயே இறந்தார்.

அவருடைய குடும்பம் விடவில்லை. மகன் குருவப்பப் பிள்ளை கப்பலேறிப் பிரான்சுக்குப் போய் நியாயம் கேட்டார். தீர்ப்பு ரத்தானது. அவர் பாரீஸில் ஞானஸ்நானம் பெற்றார். பிரான்சை அப்போது ஆண்ட ஓர்லியான் கோமகன் பிலிப் அவருக்கு ஞானத்தந்தை. புனித மிக்கேல் வீரர் என்ற பட்டத்தோடு ஊர் திரும்பித் தலைமைத் துபாஷ் ஆனார். 1724இல் அவர் இறந்த பிறகு அந்தப் பதவி இயேசு சபையின் அன்பைப் பெற்ற கனகராய முதலியாரிடம் போய் 1746 வரை அவரிடமே இருந்தது. ஒழுகரையில் ஒரு கோவிலைக் கட்டியவர் அவர்தான். அவருக்குப் பின் வந்தவர் நைனியப்பரின் உறவினரான ஆனந்தரங்கப் பிள்ளை. 1736 முதல் 1761 வரை அவர் தமிழில் எழுதிய நாட்குறிப்பு இல்லாவிட்டால் இந்த வளாகத்தைப் பற்றி நமக்குப் பாதிரிமார்கள் சொன்னது மட்டுமே தெரிந்திருக்கும்.

கோவிலுக்குள் ஒரு சுவர்

வளாகத்துக்கு வெளியே இருந்த சிக்கல் கோயில். உள்ளே இருந்த சிக்கல் சாதி.

மதுரை மிஷனிலிருந்து வந்த வழக்கப்படி, இயேசு சபையினர் உள்ளூர் முறைகள் பலவற்றை ஏற்றுக்கொண்டார்கள். காவி உடுத்தினார்கள். மரக்கறி உணவு உண்டார்கள். மேல்சாதியினர் ஒதுங்கிவிடக் கூடாது என்பதற்காக, தீண்டாமையோடும் சமரசம் செய்துகொண்டார்கள். இதை விசாரிக்கப் போப்பாண்டவரின் தூதர் தூர்னோன் 1703 நவம்பரில் புதுச்சேரியில் வந்து இறங்கினார். மாதக் கணக்கில் தங்கி, 1704 ஜூன் 23 அன்று ஓர் ஆணை வெளியிட்டார். பிள்ளையார் உருவம் பொறித்த தாலி கூடாது. திருநீறு கூடாது. மாதவிலக்கான பெண்களைக் கோவிலுக்குள் விடாமல் தடுக்கக் கூடாது. பறையர் வீடுகளுக்குள் போய் நோயாளிகளுக்கு அருட்சாதனம் கொடுக்க மறுக்கக் கூடாது. ‘மலபார்ச் சடங்குகள்’ பற்றிய அந்த வழக்கு நாற்பது ஆண்டுகள் நடந்தது. 1744இல் போப் பதினான்காம் பெனடிக்ட் அதற்கு முடிவு கட்டினார். ஆனால் அந்த முடிவிலும், பறையர்களுக்கென்று தனிப் பாதிரிமார்களை வைத்துக்கொள்ளலாம் என்ற விட்டுக்கொடுப்பு இருந்தது.

அடுத்த ஆண்டு, 1745 அக்டோபரில், ஆனந்தரங்கப் பிள்ளை ஒரு செய்தி எழுதுகிறார். சம்பா கோவிலின் உள்ளே வடபுறத்தில் ஒரு சுவர் இருந்தது. அதற்கு அந்தப்புறம் பறையர் சமூகத்துக் கிறித்தவர்கள், இந்தப்புறம் மற்றவர்கள். காரைக்காலிலிருந்து வந்த பாதிரியார் ஒருவர் கொடுத்த ஊக்கத்தில் அந்த மக்கள் பெரிய பாதிரியாரிடம் போய்க் கேட்டார்கள்: நாங்களும் உங்கள் சீடர்கள்தானே, எங்களை மட்டும் ஏன் பிரித்து வைத்திருக்கிறீர்கள்? சுவர் இடிக்கப்பட்டது. மேல்சாதிக் கிறித்தவர்கள் கொதித்தார்கள். கூட்டம் கூடுபவர்களைப் பிடித்து அடைக்க ஆளுநர் ஆணையிட்டார்.

இந்தப் பதிவை எழுதியவர் பறையர் மக்கள்மேல் பரிவு கொண்டவர் அல்ல. தன் சாதியின் கண்ணோட்டத்திலேயே எழுதுகிறார். அப்படியிருந்தும் அவர்கள் கேட்ட கேள்வி அவர் எழுத்தில் தங்கிவிட்டது. இந்த வளாகத்தில் நடந்தவற்றில் என் மனத்தில் மிக உயர்ந்த இடத்தில் இருப்பது இந்த நிகழ்ச்சிதான். ஆணை ரோமாபுரியிலிருந்து வந்து காகிதத்தில் கிடந்தது. சுவர் விழுந்தது, அதற்குப் பின்னால் உட்கார வைக்கப்பட்டவர்கள் எழுந்து கேட்டபோது. திருச்சபையில் சாதிச் சுவர்கள் அதோடு தீர்ந்துவிடவில்லை. நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் சாதிக்கொரு பக்கமாகக் கட்டிய கோவிலின் தடுப்பு 1910இல்தான் அகன்றது.

1748 செப்டம்பர்

அதே நாட்குறிப்பில் மூன்று ஆண்டுகள் தள்ளி வரும் பக்கங்களை மனம் கனக்காமல் படிக்க முடியாது. 1748 ஆகஸ்டில் ஆங்கிலத் தளபதி பாஸ்காவன் பெரும் படையோடு வந்து ஊரை முற்றுகையிட்டார். ஆளுநர் தூப்ளே. பீரங்கிக் குண்டுகள் விழுந்துகொண்டிருந்த அந்த நாட்களில், செப்டம்பர் முதல் வாரம் முடியும் நேரத்தில், சம்பா கோவிலில் சிப்பாய்கள் நிறுத்தப்பட்டார்கள். மறுநாள் காலை பொறியாளரும் பாதிரிமார்களும் கொத்தனார், மண்வெட்டி ஆட்கள் என்று ஏறத்தாழ 200 பேரோடு வந்து வேதபுரீசுவரர் கோயிலின் தென்மதிலை இடிக்கத் தொடங்கினார்கள். இயேசு சபைத் தலைவர் கேர்தூ பாதிரியார் கருவறையைக் காலால் உதைத்தார் என்றும், வாகனங்களை உடைக்கச் சொன்னார் என்றும் பிள்ளை எழுதுகிறார். மூர்த்திகளும் சாமான்களும் காளத்தீசுவரர் கோயிலுக்குக் கொண்டுபோகப்பட்டன. இதற்கெல்லாம் பின்னால் தூப்ளேயின் மனைவி இருந்தார் என்பது பிள்ளையின் கணிப்பு.

ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளாக நடக்காதது அப்போது எப்படி நடந்தது? முற்றுகையில் பெரும்பாலான மக்கள் ஏற்கெனவே ஊரைவிட்டுப் போயிருந்தார்கள். கப்பலுக்குத் துணி ஏற்றும் வேலையே இல்லை. ஊரைவிட்டுப் போவோம் என்ற சொல்லுக்கு அன்று எடை இல்லை. எஞ்சியிருந்த நாட்டார்களிடமும் ஒற்றுமை இல்லை என்று பிள்ளை வருந்துகிறார். இந்த விளக்கத்துக்குச் சான்று அதே பக்கத்திலேயே கிடைக்கிறது. எதிரில் இருந்த மசூதியையும் இடிக்க ஆணை போனது. சிப்பாய்ப் படையின் தலைவர் அப்துல் ரகுமான் ஆளுநரிடம் போய், மசூதியில் கை வைத்தால் ஒரு சிப்பாயும் நிற்கமாட்டான் என்றார். ஆணை திரும்பப் பெறப்பட்டது. முற்றுகைக் காலத்தில் நெசவாளன் வேண்டாதவன், சிப்பாய் வேண்டியவன். யாருடைய கை இல்லாமல் அன்றைய வேலை நடக்காதோ அவர்களுடைய சொல் கேட்கப்பட்டது.

உதைத்த காலும் எழுதிய கையும்

கேர்தூ என்ற மனிதர் இதோடு முடிந்துவிட்டால் கதை எளிது. 1691இல் பிரான்சில் பிறந்து, 1732இல் இந்தியா வந்து, 1779இல் புதுச்சேரியிலேயே இறந்தவர் அவர். தெலுங்கும் சமஸ்கிருதமும் கற்றார். 1767இல் பாரீஸ் கலைக்கழகத்து அறிஞர் ஒருவருக்கு எழுதிய கட்டுரையில், சமஸ்கிருதம், இலத்தீன், கிரேக்கம் மூன்றுக்கும் இடையே இருக்கும் சொல் ஒற்றுமையையும் வினைத்திரிபு ஒற்றுமையையும் பட்டியலிட்டு, மூன்றும் ஒரே மூலத்திலிருந்து பிரிந்தவை என்று வாதிட்டார். கல்கத்தாவில் வில்லியம் ஜோன்ஸ் இதைச் சொல்லிப் புகழ் பெற்றது 1786இல். கேர்தூவின் கட்டுரை அச்சேறியது 1808இல்தான். நம் பழக்கவழக்கங்களைப் பற்றி அபே துபுவா பெயரில் வந்த புகழ்பெற்ற நூலின் பெரும்பகுதிக்குக் கேர்தூவின் கையெழுத்துப் படியே மூலம் என்பதை 1980களில் சில்வியா மூர் என்ற பிரெஞ்சு ஆய்வாளர் நிறுவினார்.

அவர் எழுதியவற்றில் தொழில் தடத்திலிருந்து போகும் ஒருவரை நிறுத்திவைப்பது 1742 ஜனவரியில் எழுதிய கடிதம். சோழமண்டலத்து ஓவியத் துணிகளுக்கு எப்படிச் சாயம் ஏற்றுகிறார்கள் என்பதைப் படிப்படியாக விளக்கும் கடிதம் அது. தம்மிடம் ஞானஸ்நானம் பெற்ற சாயக்காரர்களிடம் கேட்டுக் கேட்டு எழுதியதாகச் சொல்கிறார்.

பாதி வெளுத்த பருத்தித் துணியைக் கடுக்காய்ப் பொடி கலந்த எருமைப்பாலில் ஊறவைத்துப் பிழிந்து வெயிலில் காயவைப்பார்கள். பாலின் கொழுப்பு இழையில் ஏறிவிடுவதால், பின்னால் வைக்கும் வண்ணம் கசிந்து பரவாது. பிறகு துணியை மரத்தில் வைத்து அடித்து வழவழப்பாக்குவார்கள். ஊசியால் குத்திய காகிதத்தை மேலே விரித்துக் கரித்தூளைத் தட்டினால் உருவம் புள்ளி புள்ளியாக இறங்கும். ‘கலம்’ என்ற மூங்கில் எழுதுகோலால் கோடு இழுப்பார்கள். கலத்தின் நடுவில் சுற்றிய மயிர்ப்பந்து மையைப் பிடித்துவைத்திருக்கும். விரலால் அழுத்த அழுத்தச் சொட்டும். கருப்புக் கோட்டுக்குப் புளித்த நீரில் ஊறிய இரும்பு. சிவப்பு வேண்டிய இடத்தில் படிகார நீர். படிகார நீருக்கு நிறமில்லை என்பதால், போட்ட இடம் கண்ணுக்குத் தெரியப் பதிமுகக் கட்டையின் சாற்றைச் சிறிது கலப்பார்கள். பிறகு துணியைச் சாயவேரோடு கொதிக்கவிட்டால், படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவப்பைப் பிடித்துக்கொள்ளும். மற்ற இடத்தில் ஒட்டிய நிறம் துவைப்பிலும் வெயிலிலும் போய்விடும். நீலத்துக்கு, நீலம் வேண்டாத இடமெல்லாம் மெழுகு பூசி அவுரித் தொட்டியில் முக்குவார்கள்.

வேதியியலில் தேர்ந்த அறிவு இது. துவைக்கத் துவைக்க வெளுக்காத துணி ஐரோப்பாவை மயக்கியதால், தன் நாட்டு நெசவைக் காப்பாற்றப் பிரான்ஸ் 1686இலேயே இதற்குத் தடை போட்டது. தடை 1759இல் நீங்கியது. மறு ஆண்டு ஓபர்காம்ஃப் என்பவர் பாரீஸ் அருகே ழூயி என்ற ஊரில் துணி அச்சுப் பட்டறை தொடங்கினார். ஐரோப்பிய அச்சுத் துணித் தொழில் கண் முன்னே வளர்ந்தது. சோழமண்டலத்துச் சாயத்தொழில் அடுத்த நூற்றாண்டில் மெல்லத் தேய்ந்தது. இந்தத் தேய்வுக்கு ஒரு கடிதத்தைக் காரணம் காட்ட மாட்டேன். போரும் ஆட்சி மாற்றமும் இயந்திரமும் பெரிய காரணங்கள். ஆனாலும் அறிவு எந்தத் திசையில் பயணம் செய்தது என்பது தெளிவு. கடிதத்தின் கீழே கேர்தூவின் பெயர் இருக்கிறது. சொல்லிக்கொடுத்த சாயக்காரர்களின் பெயர் வரலாற்றில் நிற்கவில்லை.

வளாகத்தின் நூலகம்

1730களில் பாரீஸ் அரச நூலகத்துக்கு வேதச் சுவடிகளைத் தேடி அனுப்பியவர்கள் கர்நாடக மிஷன் பாதிரிமார்கள். அவர்களில் கால்மெத் முக்கியமானவர். மிஷனின் கையெழுத்துப் படிகளில் ‘எசூர்வேதம்’ என்ற பிரெஞ்சு நூல் விசித்திரமானது. வேதத்தின் மொழிபெயர்ப்பு என்ற பெயரில், உருவ வழிபாட்டை மறுத்து ஒரே கடவுளை நோக்கி அழைத்துப் போகும் உரையாடல் அது. 1760இல் இதன் படி ஒன்று வோல்தேரின் கைக்குப் போனது. இந்திய மதத்தின் தொன்மைக்குச் சான்றாக அவர் அதைக் கொண்டாடி, அரச நூலகத்தில் சேர்த்தார். 1778இல் அது அச்சானது.

உண்மையை வெளிப்படுத்தியவர் சென்னை மாவட்ட ஆட்சியராக இருந்த எல்லிஸ். புதுச்சேரி மிஷனில் அதைப் போன்ற மற்றக் கையெழுத்துப் படிகளையும் பார்வையிட்டு, இவை பாதிரிமார்களின் ஆக்கம் என்று காட்டினார். அவர் இறந்த பிறகு, 1822இல், அந்தக் கட்டுரை வெளிவந்தது. தமிழ், தெலுங்கு, கன்னட மொழிகள் சமஸ்கிருதத்திலிருந்து பிறந்தவை அல்ல, தனிக் குடும்பம் என்று 1816இல் எழுதியவரும் இதே எல்லிஸ்தான். கேர்தூவின் கண்டுபிடிப்பும் எல்லிஸின் கண்டுபிடிப்பும் ஒரே வளாகத்தின் அலமாரிகளைத் தொட்டுச் செல்வதை நினைத்தால், மொழி வரலாற்றில் மிஷன் வீதிக்கு உரிய இடம் இன்னும் தரப்படவில்லை என்றே தோன்றுகிறது.

இடிவும் எழுச்சியும்

1761 ஜனவரியில் ஊர் ஆங்கிலேயரிடம் விழுந்தது. கோட்டை, ஆளுநர் மாளிகை, சம்பா கோவில் எல்லாம் தரைமட்டம். தோற்ற தளபதி லாலி பாரீஸில் விசாரிக்கப்பட்டபோது, புதுச்சேரி இயேசு சபைத் தலைவராக இருந்த லாவோர் இறந்தபின் அவர் பெட்டியில் கிடைத்த குறிப்புகள் லாலிக்கு எதிராகப் பயன்பட்டன. 1766இல் லாலியின் தலை வெட்டப்பட்டது. அதற்குள் பிரான்சே இயேசு சபையைத் தடை செய்திருந்தது. 1773இல் போப் பதினான்காம் கிளமெண்ட் சபையையே கலைத்துவிட்டார். 1776இல் வளாகம் பாரீஸ் வெளிநாட்டு மறைபரப்புச் சபையின் பொறுப்புக்குப் போனது. முன்னாள் இயேசு சபையினர் பலர் அங்கேயே தங்கி வயோதிகத்தைக் கழித்தார்கள். கேர்தூவும் அவர்களில் ஒருவர். நான்காவது கோவில் 1791இல் அர்ச்சிக்கப்பட்டது. கட்டத் தொடங்கி இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன.

வேதபுரீசுவரரும் அதே காலத்தில் திரும்ப எழுந்தார். திவான் கந்தப்ப முதலியார் முன்னின்று, மக்கள் நன்கொடையில், இன்றைய ஈசுவரன் கோயில் வீதியில் புதுக் கோயில் கட்டப்பட்டது. மிஷன் வீதியிலிருந்து நடந்தே போய்விடலாம்.

இயேசு சபை 1814இல் மீண்டும் உயிர் பெற்று, 1830களின் இறுதியில் தமிழகத்துக்குத் திரும்பியது. ஆனால் புதுச்சேரி வளாகம் அவர்களிடம் திரும்பவில்லை. அவர்கள் தெற்கே போய், 1844இல் நாகப்பட்டினத்தில் ஒரு கல்லூரி தொடங்கி, 1883இல் அதைத் திருச்சிக்கு மாற்றினார்கள். அதுவே தூய வளனார் கல்லூரி. மிஷன் வீதியில் மறைபரப்புச் சபையினர் பள்ளியும் அச்சகமும் நடத்தினார்கள். முசே, துப்பூயி இருவரும் தொகுத்த தமிழ்–பிரெஞ்சு அகராதி 1855இல் அங்கிருந்து வந்தது.

எந்த வரிசையில் நடப்பது

நம் தொழில் தடத்துக்கு இந்த வரலாறு சொல்வது ஒன்று உண்டு. பிரெஞ்சு, கொரிய, ஜப்பானியப் பெயர்ப் பலகைகளுக்குப் பின்னால் வேலை தெரிந்த கைகள் இருக்கின்றன. ஒரு பற்றவைப்பின் நுணுக்கமும், தகட்டில் கண்ணுக்குத் தெரியாத கீறலை விரலால் கண்டுபிடிக்கும் பழக்கமும் அங்கே வேலை செய்பவர்களின் சொத்து. 1742இல் சாயக்காரர்களின் அறிவை வேறொருவர் எழுதியதால் அவர்களின் பெயர் போயிற்று. இன்று ஐ.டி.ஐ.யும் டிப்ளமோவும் படித்த தலைமுறை அங்கே இருக்கிறது. தங்கள் வேலையைத் தாங்களே, தங்கள் பெயரில், தமிழில் எழுதிவைக்க வேண்டும்.

புதுச்சேரிக்குப் போகிறவர்கள் இப்படி நடக்கலாம். முதலில் ரங்கப்பிள்ளை வீதியில் நாட்குறிப்பு எழுதியவரின் வீடு. இடிப்பையும் சுவரையும் நமக்குச் சொன்னவர் அவர். அடுத்து மிஷன் வீதியில் சம்பா கோவில். அதன் வடபுறத்தில் சற்று நில்லுங்கள். பிறகு கந்தப்ப முதலியார் பெயர் தாங்கிய வீதியைக் கடந்து ஈசுவரன் கோயில் வீதியில் வேதபுரீசுவரர் சந்நிதி. மூன்றையும் ஒரே காலைப்பொழுதில் பார்த்துவிடலாம். ஒன்றை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினால் பாதிக் கதையோடுதான் திரும்புவோம். பாதிரிமார்களின் கல்வியை மட்டும் சொல்பவர் கோயில் இடிந்ததை மறைக்கிறார். இடிப்பை மட்டும் சொல்பவர், சுவரை வீழ்த்தியவர்களையும் கலம் பிடித்தவர்களையும் மறைக்கிறார். 1701, 1742, 1745, 1748 என்ற நான்கு ஆண்டுகளையும் ஒரே கல்லில் பொறித்து மிஷன் வீதியில் நாட்ட வேண்டும். அந்த ஊரைக் கட்டியவர்களுக்கு அந்த நேர்மையை நாம் கடன்பட்டிருக்கிறோம்.